கோல்டு கோஸ்ட் எப்படி கானா ஆனது? பழைய கானா இருந்த இடமே வேறாமே

மணல்வீடு:
ஆப்பிரிக்காவின் பழைய பேரரசுகளைக் காட்டும் ஒரு வரைபடத்தை நேற்றிரவு பார்த்துக்கொண்டிருந்தேன், அதிலிருந்து இந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது. 'கானா பேரரசு' என்று வண்ணம் தீட்டியிருந்த இடம் சஹாராவின் தெற்கு ஓரம். இன்றைய கணக்கில் மௌரித்தானியாவின் தென்கிழக்கு மூலையும் மாலியின் மேற்குப் பகுதியும். இன்றைய கானாவோ எங்கேயோ கீழே, கினியா வளைகுடாவில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அளந்தும் பார்த்துவிட்டேன். பழைய தலைநகர் என்று சொல்லப்படும் கும்பி சாலேயிலிருந்து இன்றைய தலைநகர் அக்ராவுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 1,400 கி.மீ. வருகிறது. இன்றைய கானாவின் வடக்கு எல்லையிலிருந்து அளந்தாலும் 700, 800 கி.மீ. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சாண் நிலம்கூட இல்லை.

பிரிட்டிஷ்காரர்கள் காலத்து 'கோல்டு கோஸ்ட்' என்ற பெயரை 1957-ல் தூக்கிப்போட்டார்கள் என்பது வரை தெரியும். ஆனால் தங்கள் மண்ணில் இல்லவே இல்லாத ஒரு ராஜ்யத்தின் பெயரை எதற்கு எடுத்துக்கொண்டார்கள்? வரைபடத்தை அவர்கள் தப்பாகப் பார்த்தார்களா, நான் தப்பாகப் பார்க்கிறேனா?

வெட்டிப்பேச்சு:
உங்கள் இழையைப் பார்த்துவிட்டு 'கோல்டு கோஸ்ட்' என்று தேடினேன், ஆஸ்திரேலியாவில் அலைச்சறுக்கு விளையாடுகிற கடற்கரையாக வந்து கொட்டுகிறது. 'கானா' என்று தேடினால் பாட்டு வருகிறது. தெரிந்தவர்கள் வந்து காப்பாற்றுங்கள், நான் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

கடலோடி:
வரைபடமும் சரி, நீங்கள் பார்த்ததும் சரி. கானாவின் தெமா துறைமுகத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைப் பலரிடம் கேட்டிருக்கிறேன், ஆளுக்கொரு பதில் கிடைத்தது. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பழைய பெயரின் கோளாறு என்ன என்று பார்க்க வேண்டும். போர்ச்சுகீசியர்கள் 1471-ல் அந்தக் கரைக்கு வந்தார்கள். உள்ளூர்க்காரர்களிடம் தங்கம் தாராளமாகப் புழங்குவதைக் கண்டு அந்த இடத்தையே 'மினா' என்றார்கள், அதாவது சுரங்கம். 1482-ல் அங்கே கட்டிய கோட்டைக்கும் அதே பெயர், அதுதான் இன்றைய எல்மினா. 1637-ல் அதை டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அக்ராவில் டேனிஷ்காரர்களுக்கு ஒரு கோட்டை, பக்கத்திலேயே ஆங்கிலேயர்களுக்கு இன்னொன்று. அந்தக் காலத்துக் கடல் வரைபடத்தில் அந்தக் கரையோரம் முழுவதும் சரக்குப் பட்டியல் மாதிரி இருக்கும். இன்றைய லைபீரியா இருக்கிற இடம் தானியக் கரை (அது அரிசியோ கம்போ இல்லை, ஒருவகை மிளகு விதை), அடுத்தது தந்தக் கரை, அதையடுத்து தங்கக் கரை (அதுதான் கோல்டு கோஸ்ட்), இன்னும் கிழக்கே போனால் அடிமைக் கரை. எங்கே என்ன வாங்கலாம் என்பதுதான் பெயர். அங்கே யார் வாழ்கிறார்கள் என்பது கப்பல்காரனுக்குத் தேவைப்படவில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 1850-ல் டேனிஷ்காரர்களிடமும் 1872-ல் டச்சுக்காரர்களிடமும் கோட்டைகளை வாங்கிக்கொண்டு, 1874-ல் பிரிட்டன் 'கோல்டு கோஸ்ட் காலனி' என்று அறிவித்தபோது, அது கடலோரத்துத் தெற்குப் பகுதி மட்டும்தான். உள்ளே இருந்த அசாந்தி ராஜ்யத்தை 1900-ல் நடந்த சண்டைக்குப் பிறகுதான் இணைத்தார்கள், 1902 ஜனவரி 1 முதல் அது தனி அலகு. அதற்கு மேலே 'வடக்குப் பிரதேசங்கள்' என்று ஒரு பாதுகாப்புப் பகுதி. முதல் உலகப் போரில் ஜெர்மனியிடமிருந்து பறித்த டோகோலாந்தின் மேற்குத் துண்டு நான்காவது. ஆக ஒரே ஆளுநர், நான்கு நிலம், சட்டப்படி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அந்தஸ்து. பெயர் மட்டும் கரையின் பெயர். வடக்கே டமாலேயில் பிறந்து கடலையே பார்க்காத ஒருவனையும் 'தங்கக் கரைக்காரன்' என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெயரைத் தூக்கிப்போட வேண்டும் என்பதற்குத் தன்மானம் ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

மணல்வீடு:
நன்றி அண்ணே. நான்கு துண்டு விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. சரி, தூக்கிப்போட்டது புரிகிறது. 'கானா' என்று சொன்னது யார்? முதல் பிரதமர் நிக்ருமாவா?

கடலோடி:
எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அரியணை ஏற்றியது நிக்ருமா, ஆனால் பல வருடம் முன்பிருந்தே அதைச் சுமந்துகொண்டு திரிந்தவர் ஜே.பி. டான்குவா.

டான்குவா அக்யெம் அபுவாக்வா அரச குடும்பத்துக்காரர், வக்கீல், லண்டனில் 1927-ல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். தங்கள் அக்கான் மக்கள் (அசாந்தி, ஃபான்டி, அக்யெம் எல்லாம் இந்த இனம்தான்) எங்கிருந்து வந்தார்கள் என்பது அவருக்கு ஒரு தீராத ஆசை மாதிரி. வடக்கே இருந்த பழைய கானா பேரரசு சிதைந்தபோது அங்கிருந்து தெற்கே இறங்கியவர்கள்தான் நாங்கள் என்பது அவருடைய கட்சி. இதை முதலில் சொன்னவரும் அவரில்லை. கேப் கோஸ்ட்டில் பள்ளி நடத்திய பால்மர் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் 1920-களிலேயே எழுதிவிட்டார். டான்குவா அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சியாகவும் அரசியலாகவும் வளர்த்தார்.

1947 ஆகஸ்ட் 4 அன்று சால்ட்பாண்டில் யூ.ஜி.சி.சி. என்ற கட்சி தொடங்குகிறது, அதில் டான்குவா முக்கியப் புள்ளி. கட்சி வேலைக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆள்தான் குவாமே நிக்ருமா, அந்த டிசம்பரில் வந்து சேர்கிறார். 1948 பிப்ரவரியில் அக்ராவில் ஊர்வலம் போன முன்னாள் படைவீரர்கள் மேல் துப்பாக்கிச்சூடு, கலவரம், தலைவர்கள் ஆறு பேர் கைது. அந்த ஆறு பேருக்காக வேலைநிறுத்தம் செய்த மாணவர்களைப் பள்ளிகள் வெளியேற்றின. அவர்களுக்காகக் கேப் கோஸ்ட்டில் அந்த ஜூலையில் நிக்ருமா ஒரு பள்ளி ஆரம்பித்தார். பெயர் என்ன தெரியுமா? கானா கல்லூரி. நாட்டுக்கு அந்தப் பெயர் வருவதற்கு ஒன்பது வருடம் முன்னாலேயே ஒரு பள்ளிக்கூடத்துப் பலகையில் ஏறிவிட்டது. இன்றும் அந்தப் பள்ளி இருக்கிறது.

அடுத்த வருடமே, 1949 ஜூனில், நிக்ருமா பிரிந்து போய் சி.பி.பி. என்ற தனிக் கட்சி கண்டார். போகும்போது தொண்டர்களைக் கூட்டிக்கொண்டு போனார், அந்தப் பெயரையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

சந்தேகராசா:
மன்னிக்கவும், இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? அடுத்தவன் வீட்டுத் தாத்தா படத்தை எடுத்துவந்து நம் கூடத்தில் மாட்டி மாலை போடுகிற வேலைதானே இது? காலனிக்காரன் வைத்த பெயர் பொய் என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பொய்யை வைத்திருக்கிறார்கள். அசாந்தி என்று ஒரு நிஜமான ராஜ்யம் சொந்த மண்ணிலேயே இருந்ததே, ஆங்கிலேயனோடு பல தடவை மோதிய ராஜ்யம். அந்தப் பெயரை வைத்திருந்தால் யாருக்கு என்ன கேடு?

இளவேனில்:
சந்தேகராசா, 'பொய்' என்பது கொஞ்சம் கனமான சொல். அந்தத் தாத்தா படத்தை நம்பியவர்கள் வெறும் ஆசையில் நம்பவில்லை. அவர்கள் கையில் என்ன ஆதாரம் இருந்தது என்று பார்க்கலாம், அப்புறம் அடிக்கலாம்.

பழைய கானா பற்றி நமக்குக் கிடைக்கிற நல்ல வர்ணனை அல்-பக்ரியுடையது, 1068 வாக்கில் எழுதியது. அவர் ஸ்பெயினில் உட்கார்ந்துகொண்டு, போய்வந்த வணிகர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவர், அந்தப் பக்கம் காலே வைக்கவில்லை. ஆனாலும் விவரம் அபாரம். ராஜா சபை கூட்டும்போது வாசலில் காவலுக்கு நிற்கும் நாய்களின் கழுத்தில் தங்கமும் வெள்ளியும் பட்டையாகக் கிடக்கும். கழுதை மேல் ஒரு பொதி உப்பு உள்ளே வந்தால் ஒரு தங்க தினார் வரி, அதே உப்பு வெளியே போனால் இரண்டு. கட்டித் தங்கம் எது கிடைத்தாலும் ராஜாவுக்கு, பொடித் தங்கம்தான் மக்களுக்கு.

அவர் சொல்கிற இரண்டு விஷயங்கள் இந்த இழைக்கு வேண்டியவை. ஒன்று, 'கானா' என்பது நாட்டின் பெயரே இல்லையாம், அது ராஜாவின் பட்டம். நாட்டின் பெயரை அவர் அவ்கார் என்கிறார், அங்கே ஆண்ட சோனின்கே மக்களின் கதைகளிலோ அது வாகது. அரபு வணிகர்கள் ராஜாவைச் சொல்லி ஊரைச் சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆக 1957-க்கு முன்னாலேயே இந்தப் பெயர் ஒரு தடவை இடம் மாறிவிட்டது, ஆளிடமிருந்து நாட்டுக்கு.

இரண்டாவதுதான் பால்மரையும் டான்குவாவையும் இழுத்திருக்க வேண்டும். அந்த ராஜ்யத்தில் ராஜாவுக்குப் பின் அவருடைய மகன் பட்டத்துக்கு வருவதில்லை, சகோதரியின் மகன் வருவான் என்கிறார் அல்-பக்ரி. மகன் யாருக்குப் பிறந்தவன் என்பதில் சந்தேகம் வரலாம், சகோதரி மகன் விஷயத்தில் வராது என்று காரணமும் சொல்கிறார்! அக்கான் மக்களிடமும் தாய்வழி வாரிசுமுறைதான், இன்றைக்கும். தங்கம், தாய்வழிப் பட்டம், வடக்கிலிருந்து வந்தோம் என்ற சில வாய்மொழிக் கதைகள். மூன்றையும் சேர்த்துப் பார்த்த ஒருவருக்கு 'நாங்கள்தான் அது' என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் மொழி ஒத்துழைக்கவில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். சோனின்கே மண்டே குடும்பத்து மொழி, அக்கான் பேசும் த்வி க்வா குடும்பம். 'அக்கானே' என்ற சொல்லைத்தான் அரபிகள் 'கானா' என்று திரித்தார்கள் என்றுகூட டான்குவா வாதாடினார். ஓசை ஒன்றுபோலக் கேட்டால் வேரும் ஒன்று என்று சொல்கிற அந்த நோய் நம்மவர்களுக்கும் உண்டு என்பதால் நான் சிரிக்கப் போவதில்லை.

பழையகணக்கு:
இளவேனில் அம்மா நன்றாக எழுதியிருக்கிறீர்கள். தங்கத்தைப் பற்றி ஒரு சிறு திருத்தம் மட்டும். பழைய கானா விற்ற தங்கம் அக்கான் காடுகளிலிருந்து வந்ததில்லை, செனகல் ஆற்றின் மேற்புறத்து பம்புக் போன்ற இடங்களிலிருந்து வந்தது. அக்கான் நிலத்துத் தங்கம் இன்றைய மாலியில் இருக்கும் ஜென்னே நகர் வழியாக வடக்கே பெருமளவில் போக ஆரம்பித்தது பிற்பாடு, மாலி பேரரசின் காலத்தில். அதற்குள் பழைய கானா முடிந்த கதை. எனவே 'நம் தங்கத்தால் வாழ்ந்த ராஜ்யம்' என்ற உறவும் நிற்காது. வாணிபப் பாதை தொட்டிருக்கிறது, வாங்காரா வணிகர்கள் வந்துபோயிருக்கிறார்கள், அவ்வளவு சொல்லலாம்.

வெட்டிப்பேச்சு:
ஆக மொழி இல்லை, நிலம் இல்லை, தங்கமும் இல்லை. சந்தேகராசா ஜெயித்துவிட்டாரா?

கடலோடி:
இல்லை தம்பி, இனிமேல்தான் ஆட்டம்.

//அசாந்தி என்று ஒரு நிஜமான ராஜ்யம் சொந்த மண்ணிலேயே இருந்ததே, அந்தப் பெயரை வைத்திருந்தால் யாருக்கு என்ன கேடு?//

அசாந்தி அல்லாத எல்லாருக்கும் கேடு! அசாந்தியோடு மோதியது ஆங்கிலேயன் மட்டுமில்லை. கடலோரத்து ஃபான்டிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அவர்களோடு சண்டை போட்டவர்கள். வடக்கே டகோம்பாக்காரர்கள் அசாந்திக்கு அடிமைகளையே கப்பமாக அனுப்ப வேண்டியிருந்தது. டான்குவாவின் சொந்த அக்யெம் நாடே அசாந்திக்குப் பழைய எதிரி. இவர்களிடம் போய் "நாளையிலிருந்து நீங்கள் எல்லாரும் அசாந்தி தேசத்துக் குடிமக்கள்" என்று சொல்ல முடியுமா? இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்த அக்கான் அல்லாத ஒரு எவே இனத்து மெக்கானிக்கிடம் பேச்சுவாக்கில் நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்.

அப்போது இருந்த சூழலையும் யோசியுங்கள். 1954-ல் அசாந்தித் தலைநகர் குமாசியில் என்.எல்.எம். என்ற இயக்கம் கிளம்பியது, அசாந்திக்குத் தனி உரிமை வேண்டும், கூட்டாட்சி வேண்டும் என்று. அந்தக் காலத்தில் குமாசியில் அரசியல் கொலை, வீட்டுக்கு வெடிகுண்டு எல்லாம் நடந்தது. வடக்கில் தனிக் கட்சி. டோகோலாந்தில் 1956 மே மாதம் ஐ.நா. மேற்பார்வையில் வாக்கெடுப்பு, 58 சதவீதம்தான் சேர்ந்துகொள்கிறோம் என்றார்கள், தெற்குப் பகுதி எவே மக்களில் பெரும்பான்மை வேண்டாம் என்றது. ஜூலையில் பொதுத்தேர்தல், நிக்ருமா கட்சிக்கு 104-ல் 71 இடம். ஆகஸ்ட் 3 அன்று சட்டமன்றத்தில் விடுதலை கேட்டுத் தீர்மானம் வருகிறது, அதில்தான் 'கானா என்ற பெயரில்' விடுதலை வேண்டும் என்று கேட்கிறார்கள். நான்கு துண்டை ஒட்டுகிற பசை காய்வதற்கு முன்னால் வைத்த பெயர் அது.

யாருடைய ஊரும் இல்லாத பெயர், யாரையும் யாரும் தோற்கடித்ததை நினைவுபடுத்தாத பெயர், ஆனால் ஐரோப்பியக் கப்பல் வருவதற்கு நானூறு வருடம் முன்பே அரபு நூல்களில் ஏறிய பெயர். இப்படி ஒன்றைத் தேடித்தான் பாருங்களேன். 800 கி.மீ. தள்ளி இருந்தது அந்தப் பெயரின் குறை என்று நினைக்கிறீர்கள். அது தள்ளி இருந்ததுதான் வசதி என்கிறேன் நான்.

சந்தேகராசா:
வாதம் அழகாக இருக்கிறது, ஒரு ஓட்டையும் இருக்கிறது. டான்குவா அதை 'யாருக்கும் சொந்தமில்லாத பெயர்' என்றா கொண்டுவந்தார்? இல்லையே, 'அக்கான்களுக்குச் சொந்தம்' என்றல்லவா கொண்டுவந்தார்? நீங்கள் சொல்கிற எவே மெக்கானிக்குக்கு அக்கான் தாத்தா மட்டும் இனித்ததா?

கடலோடி:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஆமாம், அவர் கொண்டுவந்த நோக்கம் அதுதான். பலித்தது அதற்கு நேர் எதிர். அவருடைய வம்சாவளி வாதம் ஆராய்ச்சிக்காரர்களிடம் எடுபடவில்லை, சாதாரண ஜனத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. வாதம் ஆவியாகிப் போனது, பெயர் மட்டும் மிஞ்சியது. அக்கான் சாயம் வெளுத்துப்போனதால்தான் மற்றவர்கள் உடுத்திக்கொள்ள முடிந்தது. அந்த வாதம் நிரூபணமாகியிருந்தால் இன்றைக்குச் சண்டைதான்.

அந்த மெக்கானிக்கிடமே அடுத்துக் கேட்டேன், "கானா என்ற பெயர் மட்டும் பரவாயில்லையா?" என்று. "அது எங்களுக்கு மார்ச் 6 அன்று கிடைத்த பெயர், அதற்கு முந்தியதைப் பற்றி எனக்கென்ன" என்றார். 1957 மார்ச் 6, நள்ளிரவு, அக்ராவின் பழைய போலோ மைதானம். அதுதான் அவருக்குப் பெயரின் தொடக்கம். கும்பி சாலே எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பழையகணக்கு:
இந்த விதத்தில் பக்கத்து நாடுகளை வைத்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். பழைய கானாவின் நிலத்தில் ஒரு பாதியை வைத்திருந்தது பிரெஞ்சு சூடான், அதாவது இன்றைய மாலி. உரிமை கொண்டாட நியாயம் அவர்களுக்குத்தான் அதிகம். ஆனால் அவர்கள் பெயர் மாற்ற யோசிக்கும்போது 1959 ஆகிவிட்டது, கானா என்ற பெயர் ஐ.நா. சபையில் இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தது. அவர்கள் அடுத்த பேரரசான மாலியை எடுத்துக்கொண்டார்கள். முதலில் செனகலோடு சேர்ந்து மாலி கூட்டமைப்பு, அது 1960 ஆகஸ்ட்டில் உடைந்தது, செப்டம்பர் 22 முதல் தனி மாலி. அவர்கள் விஷயத்தில் பெயரும் நிலமும் ஓரளவு பொருந்துகின்றன.

பொருந்தாத இன்னொன்று பெனின். டஹோமி என்று விடுதலை பெற்ற நாடு. டஹோமி என்பது தெற்கே இருந்த ஒரே ஒரு ராஜ்யத்தின் பெயர், மற்றவர்களுக்கு அது உறுத்தியது. 1975 நவம்பர் 30 அன்று அப்போதைய ஆட்சியாளர் கெரெக்கு பெயரை மாற்றினார். பெனின் என்ற புகழ்பெற்ற ராஜ்யம், அந்த வெண்கலச் சிற்பங்களின் ராஜ்யம், இருந்ததும் இருப்பதும் நைஜீரியாவில். இவர்கள் எடுத்தது ராஜ்யத்திலிருந்து இல்லை, கடலில் இருக்கிற பெனின் விரிகுடாவிலிருந்து. கடலோடி சொன்ன அசாந்தி விஷயத்துக்கு இது நல்ல சாட்சி. உள்ளூர் ராஜ்யத்தின் பெயரை வைத்தவர்கள் பதினைந்து வருடத்தில் அதை மாற்ற வேண்டி வந்தது.

இளவேனில்:
ஐயா, அந்த வரிசையில் எனக்குப் பிடித்தது புர்க்கினா பாசோதான். அப்பர் வோல்ட்டா என்றால் என்ன? வோல்ட்டா ஆற்றின் மேல்பகுதி. 'வோல்ட்டா' போர்ச்சுகீசியச் சொல், திருப்பம் என்று பொருள். ஒரு நாட்டையே 'திருப்பத்துக்கு மேலே' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். 1984 ஆகஸ்ட் 4 அன்று அப்போதைய தலைவர் சங்காரா மாற்றினார். 'புர்க்கினா' மோரே மொழிச் சொல், நேர்மையானவர்கள் என்று பொருள். 'பாசோ' தியூலா மொழியில் தந்தையின் வீடு. அந்நாட்டு மக்களைக் குறிக்கும் 'புர்க்கினாபே' என்ற சொல்லின் 'பே' விகுதி ஃபுல்ஃபுல்தே மொழி. மூன்று மொழிகளையும் ஒரு பெயருக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். எந்த ராஜாவையும் கூப்பிடவில்லை, எந்தப் பேரரசையும் தேடிப் போகவில்லை. கானாவின் பிரச்சினைக்கு இப்படியும் ஒரு விடை இருந்திருக்கிறது, ஆனால் 1957-ல் அப்படி யோசிக்கிற மனநிலை இல்லை. அப்போது 'எங்களுக்கும் வரலாறு உண்டு' என்று ஐரோப்பியனுக்குக் காட்டுவதுதான் முதல் தேவையாக இருந்தது. ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை என்று பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம் அல்லவா.

வெட்டிப்பேச்சு:
நைஜீரியாவை விட்டுவிட்டீர்களே, அக்கா. அதையாவது நான் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்று அதுதான். ஃப்ளோரா ஷா என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் 1897 ஜனவரியில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் 'நைஜீரியா என்று கூப்பிடலாமே' என்று போட்டார். நைஜர் ஆற்றிலிருந்து வந்தது. ஐந்து வருடம் கழித்து அவர் கல்யாணம் செய்துகொண்ட பிரிட்டிஷ் அதிகாரி லுகார்ட்தான் 1914-ல் வடக்கையும் தெற்கையும் ஒட்டி ஒரே நைஜீரியா ஆக்கினார். மனைவி பெயர் வைத்தார், கணவர் நாடு செய்தார். அவர்கள் இன்னும் அந்தப் பெயரை மாற்றவில்லை.

மணல்வீடு:
எல்லாருக்கும் நன்றி, நான் ஒரு வரி பதில் வரும் என்று நினைத்துத்தான் இழையைத் திறந்தேன். ஒன்று மட்டும் பாக்கி. டான்குவா என்ன ஆனார்? தான் தூக்கிச் சுமந்த பெயர் நாட்டுக்கு வந்ததைப் பார்த்தாரா?

கடலோடி:
பார்த்தார். அந்தக் கதையைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், கேட்டுவிட்டீர்கள்.

பிரிட்டன் அரசி எலிசபெத்தைத் தலைவராகக் கொண்டிருந்த நாடு 1960 ஜூலை 1 அன்று குடியரசானது. அதற்கு முன் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் நிக்ருமாவை எதிர்த்து நின்றவர் டான்குவா. படுதோல்வி. 1958-லேயே தடுப்புக் காவல் சட்டம் வந்திருந்தது, விசாரணை இல்லாமல் உள்ளே போடலாம். 1961-ல் ஒரு முறை பிடித்தார்கள், அடுத்த வருடம் விட்டார்கள். 1964-ல் மறுபடி. 1965 பிப்ரவரி 4 அன்று ன்சவாம் சிறையில் இறந்துபோனார். நாட்டுக்குப் பெயர் தேடிக் கொடுத்த மனிதர், அந்த நாட்டுச் சிறையில். அடுத்த ஆண்டு அதே பிப்ரவரியில் ராணுவம் நிக்ருமாவைக் கவிழ்த்தது, அவர் திரும்பி வரவே இல்லை, 1972-ல் ருமேனியாவில் இறந்தார்.

இன்றைக்கு அக்ராவில் நிக்ருமாவுக்கு அந்தப் போலோ மைதானத்திலேயே நினைவு மண்டபம். டான்குவாவுக்கு ஒரு ரவுண்டானா, அதில் சிலை, சுற்றிலும் டிராக்டர் போல ஊர்ந்துபோகும் ட்ராஃபிக். நான் தினமும் அதில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சண்டை இன்னும் ஓயவில்லை என்பதற்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். நிக்ருமா பிறந்த செப்டம்பர் 21-ஐ 'நிறுவனர் நாள்' என்று 2009-ல் விடுமுறையாக்கினார்கள். நிறுவனர், ஒருமை. பிறகு ஆட்சிக்கு வந்த அகுஃபோ-அடோ, டான்குவாவுக்குப் பேரன் முறை, 2019-ல் அதை ஆகஸ்ட் 4-க்கு மாற்றி 'நிறுவனர்கள் நாள்' என்றார். பன்மை. ஆகஸ்ட் 4 என்ன நாள் என்று மேலே பாருங்கள், சால்ட்பாண்டில் டான்குவா கட்சி தொடங்கிய நாள். ஆட்சி மாறியது, 2025-ல் மறுபடி செப்டம்பர் 21, மறுபடி ஒருமை. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே ஒரு மேற்குறி (') 's' எழுத்துக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்பதுதான் வித்தியாசம். அதற்கே நாடாளுமன்றம் கூட வேண்டியிருந்தது.

சந்தேகராசா:
சரி, 'பொய்' என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். 'இரவல்' என்று வைத்துக்கொள்ளலாமா? ஆனால் இரவல் கொடுத்தவரைக் கேட்டீர்களா என்பது என் கேள்வி. பழைய கானா நிஜமாகவே இருந்த மண், கும்பி சாலே இடிபாடுகள் கிடக்கிற மண், மௌரித்தானியா. அவர்கள் சும்மா இருந்தார்களா?

பழையகணக்கு:
மௌரித்தானியா எந்த முகத்தோடு கேட்கும் தம்பி? மௌரித்தானியா என்பது ரோமானியர்களின் மாகாணப் பெயர். ஒன்றின் தலைநகர் இன்றைய மொராக்கோவின் டாஞ்சியர், இன்னொன்றின் தலைநகர் அல்ஜீரியாவின் ஷெர்ஷெல். அந்த மாகாணங்கள் கும்பி சாலே பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை, நடுவில் சஹாரா கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1900-ஐ ஒட்டி அந்தப் பெயரைத் தெற்கே இழுத்துவந்து இங்கே போர்த்திவிட்டுப் போனார்கள். அவர்களே இரவலில் இருக்கிறார்கள்.

மணல்வீடு:
ஐயா!! அப்படியானால் ரோமானிய மௌரித்தானியா எங்கே இருந்தது என்று அந்த வரைபடத்தில் இப்போது பார்க்கிறேன், மேலே, கடலோரமாக, ஆமாம், இருக்கிறது. ஸ்கேலை மறுபடி எடுக்க வேண்டும்.

வெட்டிப்பேச்சு:
எடுங்கள், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். அடுத்த இழையில் கானா, கயானா, கினியா, கினி-பிசாவ் நான்கையும் யாராவது பிரித்துச் சொல்லுங்கள், எனக்கு இன்னும் கயானாவும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது.